‘சும்மா’ என்று எழுதிய அழைப்புகள்

அம்மாவின் கடன் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. பலசரக்குக் கடைகளில் வைத்திருப்பார்களே, நீளவாக்கில் தைத்த நோட்டு, அதுதான். இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் 1993 முதல் 2007 வரை அம்மா எஸ்.டி.டி. பூத் நடத்தினார். சிறுவயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தால் அவருக்கு இடது கால் சூம்பியிருந்தது. பூத் ஒதுக்குவதில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை இருந்ததால் அனுமதி அவர் பெயரில் கிடைத்தது. அதுவரை வீட்டில் அவர் பெயர் இருந்தது ரேஷன் கார்டில் ஒரு வரியில் மட்டும்தான்.

நோட்டில் தேதி, பெயர், ஊர், தொகை என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கிறது. கடைசிக் கட்டத்தில் தன் நினைவுக்காக அம்மா ஓரிரு சொல் எழுதிவைப்பார். ‘பிரசவம்’. ‘பணம் வரலை’. ‘மாமியார் மௌத்’. ‘பிள்ளைக்கு காய்ச்சல்’. இவற்றுக்கு நடுவே பக்கத்துக்குப் பக்கம் இன்னொரு சொல் வந்துகொண்டே இருக்கிறது: ‘சும்மா’. காரணம் எதுவும் இல்லாமல், குரல் கேட்பதற்காக மட்டும் பேசிய அழைப்புகள் அவை. கடன் வாங்கிச் சும்மா பேசியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள்.

தொலைபேசி நிறுவனங்களை இணையம் எப்படிப் புரட்டிப்போட்டது என்று எழுதுகிறவர்கள் ஸ்பெக்ட்ரம், உரிமக் கட்டணம், பங்கு விலை, போட்டி என்றுதான் பேசுகிறார்கள். அந்த வரலாற்றை இந்த ‘சும்மா’விலிருந்து எழுதிப்பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நூறாண்டுகளுக்கும் மேலாக அந்த நிறுவனங்கள் நிமிடக் கணக்கில் விற்றது மனிதர்களின் பேச்சை. குடும்பத்துக்குள் அந்தப் பேச்சை அறுந்துபோகாமல் காத்துவந்த வேலை பெரும்பாலும் பெண்களுடையது. அந்த வேலைக்குக் கூலி கிடையாது. ஆனால் அதைச் செய்யக் கட்டணம் உண்டு.

தூரத்துக்கு ஒரு விலை

பூத் வருவதற்கு முன்பு எங்கள் தெருவில் ஒரே ஒரு போன், அரிசி மில் முதலாளி வீட்டில் இருந்தது. கல்யாணப் பத்திரிகையிலும் கடிதத்திலும் அந்த எண்ணை ‘பி.பி.’ என்று போட்டுக் கொடுப்போம். வெளிநாட்டிலிருந்து போன் வந்தால் அந்த வீட்டுத் திண்ணையில் நின்று, வீட்டுப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பேச வேண்டும். சத்தம் போட்டுப் பேசினால்தான் மறுமுனையில் கேட்கும். ஊருக்கே கேட்கும்படி புருஷனிடம் என்ன பேச முடியும்? “நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களா” என்பதோடு முடிந்துவிடும்.

அம்மாவின் பூத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருந்தது. உள்ளே ஒரு ஸ்டூல், சின்ன மின்விசிறி, தலைக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். கதவைச் சாத்திக்கொண்டால் தனிமை கிடைத்தது. ஆனால் கண் மட்டும் மீட்டரை விட்டு விலகாது. வளைகுடாவுக்கு ஒரு நிமிடம் பேசினால் வயல் வேலைக்குப் போகிற ஒரு பெண்ணின் ஒரு நாள் கூலி போய்விடும்.

அந்த மீட்டர் ஓடிய விதத்தில்தான் தொலைபேசி நிறுவனங்களின் வணிகமே அடங்கியிருந்தது. ஓர் அழைப்பு இணைக்கப்பட்டால், பேசினாலும் மௌனமாக இருந்தாலும், அந்தப் பாதை முழுவதும் அந்த இருவருக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கும். அதனால் நேரத்துக்குக் காசு. ஊர்கள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதைப் பொறுத்து வரிசை வரிசையாகக் கட்டணம். உள்ளூர் அழைப்பில் ஒரு யூனிட் சில நிமிடங்கள் தாங்கும். தூரம் கூடக்கூட அதன் ஆயுள் விநாடிகளாகச் சுருங்கும். இப்படித் தொலைதூர அழைப்பிலும் வெளிநாட்டு அழைப்பிலும் வந்த பணத்தை வைத்துத்தான் மாத வாடகையையும் உள்ளூர்க் கட்டணத்தையும் தொலைத்தொடர்புத் துறை குறைவாக வைத்திருந்தது. கொழும்பிலோ குவைத்திலோ இருப்பவரோடு பேசத் தவித்தவர்கள் கொடுத்த காசு, பக்கத்துத் தெருவுக்குப் பேசியவர்களின் கட்டணத்தைத் தாங்கிப்பிடித்தது.

இரவு ஏற ஏற எஸ்.டி.டி. கட்டணம் இறங்கும். 11 மணிக்கு மேல் கால் பங்குதான். சென்னையிலும் பம்பாயிலும் பிள்ளைகளையோ புருஷனையோ வைத்திருந்த பெண்கள் அந்த நேரத்துக்குக் கடைத்தெருவுக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். பகலில்கூடத் தலையில் முக்காடில்லாமல் தெருவில் இறங்காத பெண்கள், கோயில் திருவிழாவைத் தவிர இரவில் வெளியே வந்திராத பெண்கள், பூத் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நெரிசல் இல்லாத நேரத்தில் காலியாகக் கிடக்கும் கம்பிகளைக் காசாக்க நிறுவனம் கண்டுபிடித்த வழி அது. அதன் தயவில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நடுராத்திரியில் ஒரு தெரு கிடைத்தது. பொம்பளை ஒருத்தி அந்நேரம் வரை கடை திறந்து வைத்திருக்கிறாளே என்று அம்மாவைப் பேசிய வாய்களும் ஊரில் இருந்தன.

பேச்சும் பெண்ணும்

தொலைபேசிக்கும் பெண்ணுக்கும் உள்ள உறவு அந்தக் கருவியின் வயதே கொண்டது. 1876 இல் கிரகாம் பெல் காப்புரிமை பெற்றார். முதலில் இணைப்பகங்களில் வேலை பார்த்தவர்கள் தந்தி நிலையங்களிலிருந்து வந்த பையன்கள். அவர்கள் வாடிக்கையாளர்களிடம் துடுக்காகப் பேசினார்கள். 1878 செப்டம்பரில் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். அவர்தான் உலகின் முதல் பெண் தொலைபேசி ஆபரேட்டர். பெண்களின் குரல் இதமாக இருந்தது என்பது நிறுவனங்கள் வெளியே சொன்ன காரணம். குறைந்த சம்பளத்துக்கு ஆள் கிடைத்தது என்பதும் காரணம்தான்.

அந்தப் பெண்களை நீக்கிவிட்டுத் தானாக இணைக்கும் இயந்திரத்துக்கு 1891 இல் காப்புரிமை பெற்றவர் அல்மன் ஸ்ட்ரௌஜர். அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் செய்துவந்தவர். போட்டிக் கடைக்காரரின் மனைவி ஆபரேட்டராக இருந்துகொண்டு தனக்கு வரும் அழைப்புகளை அங்கே திருப்பிவிட்டாள் என்ற சந்தேகத்தில்தான் அவர் அதைச் செய்தார் என்று ஒரு கதை தொழில்நுட்ப வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. கதை எவ்வளவு உண்மையோ, அதை ரசித்துச் சொல்லிவந்தவர்களின் மனம் உண்மை.

பேசுகிற பெண்களையும் நிறுவனங்கள் மதிக்கவில்லை. சமூகவியலாளர் கிளாட் ஃபிஷர் 1992 இல் வெளியிட்ட ‘அமெரிக்கா காலிங்’ என்ற நூலில் இதை விரிவாகக் காட்டுகிறார். ஆரம்ப காலத்தில் நிறுவனங்கள் தொலைபேசியை வியாபாரத்துக்கும் அவசரத்துக்குமான கருவியாகவே விற்றன. பெண்கள் அரட்டை அடித்துக் கம்பியை வீணாக்குகிறார்கள் என்று சலித்துக்கொண்டன. அந்த அரட்டையில்தான் காசு இருக்கிறது என்பது அவர்களுக்கு உறைக்க 1920களாயின. பிறகு அதையே விளம்பரம் செய்து விற்றார்கள்.

மானுடவியலாளர் மிகேலா டி லியோனார்டோ 1987 இல் எழுதிய கட்டுரையில் இந்த அரட்டைக்கு ‘உறவு வேலை’ என்று பெயர் வைத்தார். யாருக்குப் பிறந்தநாள், யாருக்கு உடம்பு முடியவில்லை, யாரோடு யாருக்கு மனஸ்தாபம் என்பதை நினைவில் வைத்து, கடிதம் எழுதி, போன் செய்து, குடும்பங்களைக் கோத்துவைக்கும் உழைப்பு அது. அம்மாவின் நோட்டைப் புரட்டும்போது எனக்கு அந்தக் கட்டுரைதான் நினைவுக்கு வரும். நாத்தனாரின் பிரசவத்தை விசாரித்ததற்கு ஒருத்தி கடனாளியாகியிருக்கிறாள். அது அவளுடைய வீட்டுக் கணக்கில் வீண் செலவு, நிறுவனத்தின் கணக்கில் வருமானம்.

பொட்டலமாகிய குரல்

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையத்தைத் தொடங்கியது. இணையம் குரலைக் கையாளும் விதமே வேறு. அது யாருக்கும் தனிப்பாதை ஒதுக்குவதில்லை. குரலைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக்கி, ஒவ்வொன்றிலும் விலாசம் எழுதி, எல்லோருடைய பொட்டலங்களோடும் சேர்த்து அனுப்பிவிடுகிறது. மறுமுனையில் அவை வரிசைப்படுத்தப்பட்டுக் குரலாகின்றன. குவைத்துக்குப் போகும் பொட்டலத்துக்கும் கும்பகோணத்துக்குப் போகும் பொட்டலத்துக்கும் பேசுகிறவர் வேறு வேறு விலை கொடுப்பதில்லை. தூரத்தை விற்றுப் பிழைத்த தொழிலில் தூரமே விலையற்றுப்போனது இப்படித்தான்.

அளவும் அற்பம். வழக்கமான டிஜிட்டல் தொலைபேசியில் குரலுக்கு ஒதுக்கிய வேகம் விநாடிக்கு 64 கிலோபிட். ஒரு நிமிடப் பேச்சு, ஒரு திசையில், அரை மெகாபைட்கூட இல்லை. இன்று சாதாரண ரீசார்ஜில் கிடைக்கும் ஒரு நாள் 1.5 ஜி.பி.யில் இப்படிப் பேசினால் ஒரு நாள் முழுக்கப் பேசலாம்.

இதன் ஆபத்து அரசுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. வெளிநாட்டு அழைப்புகளில் வி.எஸ்.என்.எல். ஏகபோகம் வைத்திருந்தது. அங்கிருந்து இங்கே வரும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் அதற்குப் பங்கு தந்தன. 1998 இல் தனியாரும் இணையச் சேவை தரலாம் என்று அனுமதித்தபோதும் இணையத்தின் வழியே குரல் அனுப்புவது மட்டும் தடைசெய்யப்பட்டிருந்தது. 2002 ஏப்ரல் 1 அன்றுதான் தடை தளர்ந்தது. கணினியிலிருந்து வெளிநாட்டுக்குப் பேசலாம், ஆனால் கணினியிலிருந்து உள்நாட்டுத் தொலைபேசிக்குப் பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு. வி.எஸ்.என்.எல்.லின் ஏகபோகம் முடிந்ததும் அதே சமயத்தில்தான்.

எங்கள் ஊரில் அம்மாவின் பூத்துக்கு நாலு கடை தள்ளி ஒரு பிரவுசிங் சென்டர் வந்தது. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு துபாய்க்குப் பேசலாம், மணிக்கு இவ்வளவுதான் என்று ஆள் ஆளாகச் செய்தி பரவியது. ஆனால் பெண்கள் அங்கே போகவில்லை. பிளைவுட் தடுப்புகள், மங்கிய வெளிச்சம், வாசலில் பைக்கில் சாய்ந்து நிற்கும் பையன்கள். அங்கே போய்வந்தாள் என்பதே ஒரு பெண்ணுக்குக் கெட்ட பெயராகிவிடும். ஒரு மணி நேரப் பேச்சு மலிவாகக் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, மூன்று நிமிடத்துக்கு அதைவிட அதிகம் கொடுத்து, பெண்கள் அம்மாவிடமே வந்தார்கள். “அங்க எப்படிக்கா போறது” என்பார்கள். தொழில்நுட்பம் மலிவாவதும் அது பெண் கைக்கு எட்டுவதும் ஒன்றல்ல என்று எனக்குச் சொல்லித்தந்தது அந்த நாலு கடை தூரம்தான்.

பூத்தை மூடவைத்தது இணையம் மட்டுமல்ல. செல்போன்தான் முதல் அடி கொடுத்தது. 2003 மே மாதம் முதல் செல்போனில் வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் இல்லை என்றானது. 2006 மார்ச் 1 முதல் நாட்டில் எந்த மூலைக்கும் நிமிடம் 1 ரூபாய் என்று பி.எஸ்.என்.எல். அறிவித்தது. தூரத்துக்குத் தனி விலை என்ற ஏற்பாடு உள்நாட்டில் அன்றோடு முடிந்தது எனலாம். 2007 இல் அம்மா கூண்டைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டார்.

யாருக்கு நட்டம்?

ஸ்கைப் 2003 இல் வந்தது. வாட்ஸ்அப்பை 2014 இல் ஃபேஸ்புக் வாங்கியது. அடுத்த ஆண்டே அதில் பேசவும் வசதி வந்தது. அப்போதுதான் இந்தியத் தொலைபேசி நிறுவனங்கள் வெளிப்படையாகக் குரல் எழுப்பின. நாங்கள் கோபுரம் நட்டோம், அலைக்கற்றைக்கு ஏலத்தில் பணம் கட்டினோம், உரிமக் கட்டணம் கட்டுகிறோம். இவர்கள் ஒன்றும் கட்டாமல் எங்கள் கம்பியில் எங்கள் வியாபாரத்தையே செய்கிறார்கள். ஒரே சேவைக்கு ஒரே விதி வேண்டும். 2015 மார்ச் மாதம் இதுபற்றி டிராய் கருத்துக் கேட்டபோது, இணையச் சமவாய்ப்பைக் காக்கச் சொல்லி 10 லட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல்கள் போய்ச்சேர்ந்தன. 2016 பிப்ரவரியில், எதைப் பார்க்கிறோம், எதில் பேசுகிறோம் என்பதை வைத்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைக்கக் கூடாது என்று டிராய் தடை போட்டது.

அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. அதன் வலையமைப்பில் குரலும் பொட்டலமாகத்தான் போனது. எனவே டேட்டாவை மட்டும் விற்று, பேச்சை இனாம் என்று அறிவிக்க அதனால் முடிந்தது. ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அழைப்புக்குத் தர வேண்டியிருந்த 14 காசு, 2017 அக்டோபரில் 6 காசாகி, 2021 ஜனவரி 1 அன்று இல்லாமலே போனது. நிமிடத்தை விற்றுவந்த மற்ற நிறுவனங்கள் திணறின. நம் ஊர்களில் வீட்டுக்கு ஒரு சிம் வைத்திருந்த ஏர்செல் 2018 இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. பி.எஸ்.என்.எல்.லில் 78,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள், ஏறக்குறையப் பாதிப் பேர், விருப்ப ஓய்வில் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வெளியேறினார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. நிறுவனத்துக்கு இருப்புநிலைக் குறிப்பு, ஊழியருக்கு ஓய்வுத் தொகை, கடன் கொடுத்தவருக்குத் தீர்ப்பாயம். பூத் நடத்தியவர்களுக்கு என்ன இருந்தது? அம்மா யாருடைய ஊழியரும் அல்ல. கமிஷனுக்கு உழைத்தவர். அவர் இழந்ததை வேலையிழப்பு என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. “இனிமே ராத்திரி முழிக்க வேண்டாம்ல, நிம்மதியா இரும்மா” என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் கண்ணாடி மாற்றுவதற்கு அப்பாவிடம் பணம் கேட்டு நின்றார். பதினான்கு ஆண்டுகளில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் முறை. நான் சொன்னது எவ்வளவு தவறு என்று அப்போதுதான் புரிந்தது.

மீட்டர் இல்லாத பேச்சு

பழைய காலம் இனித்தது என்று சொல்ல வரவில்லை. மூன்று நிமிடத்துக்குள் அழுது முடிக்க வேண்டியிருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பணம் அனுப்பாத புருஷனிடம் சண்டை போடக்கூடக் காசு தேவைப்பட்ட காலம் அது. “முதல்ல பணத்தைப் பத்திப் பேசிடு, அழுகையைக் கடைசில வச்சுக்க” என்று அம்மா புதுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். இன்று அவர்களுடைய மகள்கள் அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, காய் நறுக்கிக்கொண்டே ஷார்ஜாவில் இருக்கும் அக்காவோடு ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். சும்மா பேசுகிறார்கள். அந்தச் ‘சும்மா’ இலவசமானது பெண்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அந்தப் போன் யாருடையது? தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் (2019–21), தாங்களே பயன்படுத்தும் செல்போன் தங்களுக்கு இருப்பதாகச் சொன்ன இந்தியப் பெண்கள் 54 சதவீதம். எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியிருப்பதாகச் சொன்ன பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57 சதவீதம். பிரவுசிங் சென்டருக்கும் பூத்துக்கும் இடையில் இருந்த அந்த நாலு கடை தூரம் இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது. தூரத்துக்கு இன்னும் விலை வாங்கும் இடங்களும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், பேசுவதற்கு அனுமதியில்லை. அங்கே போயிருப்பவரின் குடும்பம் அதற்கென அனுமதி பெற்ற வேறு செயலியைத் தேடி இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் மாறவில்லை. அந்தக் காலத்தில் பூத்தில் அச்சாகி வரும் ரசீதில் பேசிய எண் இருக்கும். “எம் பொண்டாட்டி நேத்து யாருக்குப் பேசினா?” என்று கேட்டு வந்த ஆண்கள் உண்டு. “நான் மீட்டரைத்தாங்க பாப்பேன், நம்பரைப் பாக்கறதில்ல” என்று அம்மா அனுப்பிவிடுவார். பெண்கள் கேட்காமலே ரசீதைக் கிழித்துக் கூடையில் போட்டுவிடுவார். இப்போது செயலியே சொல்லிவிடுகிறது: கடைசியாக எப்போது வந்தாள், நீலக் குறி விழுந்ததா, இரவு 11 மணிக்கு யாரோடு பேசிக்கொண்டிருந்தாள். மீட்டர் போய்விட்டது. ரசீதைக் கிழித்துப் போடும் கையும் போய்விட்டது. அது நிறுவனங்கள் எழுதும் எந்த நட்டக் கணக்கிலும் வராது.

அம்மாவுக்கு இப்போது 71 வயது. தினமும் இரவு எனக்கு வாட்ஸ்அப்பில் பேசுகிறார். இரண்டு நிமிடம் ஆனதும் “சரி, வச்சிடட்டா?” என்பார். “காசு ஒண்ணும் ஓடலைம்மா, பேசு” என்றால் சிரிப்பார், பேசுவார், திரும்பவும் கேட்பார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் வசூலாகாத கடன் 1,140 ரூபாய் நிற்கிறது. எழுதியிருக்கும் பெயர்கள் பன்னிரண்டு. ஏன் கேட்கவில்லை என்றேன். “எல்லாம் சும்மா பேசினதுதானே” என்றார்.